தண்ணீருக்குள் நிற்கும் மணிக்கோபுரம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் ஓ.எல். வரைக்கும் வரலாறு படித்த பிள்ளை ஒருவர் இப்போது குடும்பத்தோடு ஒஸ்திரியாவில், இன்ஸ்புறூக் நகரத்தில் இருக்கிறார். ஓகஸ்ட் விடுமுறையில் இத்தாலி எல்லையைத் தாண்டி ஒரு வாவிக்குப் போய்வந்து வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார். பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள். புல்லில் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். தூரத்தில் பனி மூடிய மலை. ஒரு படத்தில் மாத்திரம், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு நடுவில் தனியாக ஒரு தேவாலயத்தின் மணிக்கோபுரம் நிற்கிறது.

"சேர், இதென்ன தண்ணிக்குள்ள சேர்ச் கோபுரம்? எல்லாரும் இதுக்கு முன்னால நின்டு போட்டோ எடுக்கிறாங்க. நாங்களும் எடுத்தம்" என்று குரல் பதிவும் போட்டிருந்தார்.

இதே கோபுரத்தின் படம் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவிலும் ஒரு தடவை சுற்றியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். "ஒரே இரவில் மூழ்கிய மர்ம நகரம்" என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். ஒரே இரவில் எதுவும் மூழ்கவில்லை. மர்மமும் இல்லை. அந்த ஊரை மூழ்கடிக்க முப்பது வருடம் எடுத்தது. அது முழுக்கக் காகிதத்தில், கையெழுத்தோடு நடந்த வேலை. பிள்ளைக்குக் குரல் பதிவில் சொல்ல முடியாத அளவு கதை இருந்ததால் இங்கே எழுதுகிறேன். நான் அங்கே போனதில்லை. வாசித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். அல்ப்ஸ் மலைத்தொடரில் இத்தாலி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து மூன்றும் முட்டிக்கொள்ளும் ஒரு மூலை இருக்கிறது. அங்கே ரெஷன் என்று ஒரு கணவாய். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் அளவு உயரம். எங்கள் நுவரெலியா இதைவிட உயரம். ஆனால் இங்கே குளிர்காலத்தில் வாவி முழுவதும் உறைந்து, மேலே மனிதர் நடந்து போகலாம். கணவாயின் இந்தப் பக்கம் விழுகிற மழை அடிஜே ஆற்றில் சேர்ந்து அட்ரியாடிக் கடலுக்குப் போகும். அந்தப் பக்கம் விழுவது இன் ஆற்றில் சேர்ந்து, டனியூப் நதியாகி, கருங்கடலுக்குப் போகும். கிளோடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 46 அளவில், உரோமர் போட்டு முடித்த நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் வடக்கே போனது. என் மாணவரின் பிள்ளைகள் சைக்கிள் ஓடிய பாதைக்கு இன்றைக்கும் அந்தப் பழைய சாலையின் பெயர்தான்: வியா கிளோடியா அவுகுஸ்தா.

அந்த மேட்டு நிலத்தில் இயற்கையாக மூன்று சிறிய வாவிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் கரையில் ரெஷன், கிறவுன், சென் வலென்டின் என்று கிராமங்கள். மாடு, புல்வெளி, கொஞ்சம் தானியம், வாவியில் மீன். அவ்வளவுதான் அவர்கள் வாழ்க்கை. பேச்சு மொழி ஜேர்மன்.

முதலாம் உலகப் போர் முடியும் வரைக்கும் இந்த நாடு ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குச் சொந்தம். போரில் பேரரசு தோற்றது. 1919 செப்டெம்பரில் சென் ஜெர்மன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. எல்லைக்கோட்டை மலை முகட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். தென் திரோல் என்ற அந்தப் பிரதேசம் முழுவதும் இத்தாலிக்குப் போனது. கிறவுன் கிராமத்துச் சனங்கள் ஓர் அடிகூட நகரவில்லை. நாடுதான் அவர்களுக்கு மேலால் நகர்ந்து போனது.

இனி நடந்ததை ஓர் ஆசிரியனாக நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். அடுத்த வருடமே ஜேர்மன் மொழிப் பாடசாலைகளை மூடும் வேலை தொடங்கியது. வகுப்பு வகுப்பாக இத்தாலிய மொழிக்கு மாற்றினார்கள். உள்ளூர் ஆசிரியர்களை வேலையை விட்டு நிறுத்தி, ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாத ஆசிரியர்களைத் தெற்கிலிருந்து கொண்டுவந்தார்கள். எத்தோரே தொலொமெய் என்பவர் ஏற்கனவே ஆயிரக்கணக்கான இடப்பெயர்களுக்கு இத்தாலியப் பெயர் எழுதி வைத்திருந்தார். அது சட்டமானது. ரெஷன் 'ரேசியா' ஆனது. கிறவுன் 'கூரோன்' ஆனது.

சனங்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை மாலையில் இரகசியமாகப் படிப்பித்தார்கள். பண்ணை வீட்டுக் குசினி, பரண், வைக்கோல் அறை எல்லாம் வகுப்பறையானது. இவற்றுக்கு 'நிலவறைப் பாடசாலைகள்' என்று பெயர் வந்தது. மைக்கல் காம்பர் என்ற பாதிரியார்தான் இதற்கு முன்னின்றவர். படிப்பித்தவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். பொலிஸ் வந்தால் கொப்பியை மறைத்துவிட்டுப் பின்னல் வேலை செய்வதுபோல் இருக்கவேண்டும். அங்கேலா நிக்கொலெட்டி என்ற ஆசிரியையை 1927இல் பிடித்து 30 நாள் மறியலில் போட்டார்கள். அவர் 1930இல், 25 வயதில் நோயால் இறந்து போனார். ஒரு பிள்ளைக்கு அதன் தாய்மொழியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வாவியின் கதை இந்த மொழிக் கதைக்குள்தான் இருக்கிறது.

வாவியின் மட்டத்தை உயர்த்தி மின்சாரம் எடுக்கும் யோசனை 1920ஆம் ஆண்டளவிலேயே இருந்தது. அப்போது சொன்னது 5 மீற்றர் உயர்த்துவதாக. ஐந்து மீற்றர் என்றால் கரையோரப் புல்வெளி கொஞ்சம் போகும், ஊர் தப்பும். சனங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு மொன்டெகத்தீனி என்ற பெரிய கம்பனி இதற்குள் வந்தது. 1939இல் புதிய திட்டம்: 22 மீற்றர். அதாவது ரெஷன் வாவியும் அதற்கு அடுத்த வாவியும் ஒன்றாகச் சேர்ந்து, கிறவுன் கிராமம் முழுவதும், ரெஷன் கிராமத்தின் ஒரு பகுதியும் தண்ணீருக்குள்.

சட்டப்படி இப்படி ஒரு திட்டத்தை ஊருக்கு அறிவிக்கவேண்டும். ஆட்சேபனை இருந்தால் சொல்லத் தவணை கொடுக்கவேண்டும். அறிவித்தார்கள். 1940இல் கிறவுன் உள்ளூராட்சி மன்றத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள்.

இத்தாலிய மொழியில்.

அந்த ஊரின் பெரியவர்கள் ஒஸ்திரியா காலத்தில், ஜேர்மன் மொழியில் பாடசாலை போனவர்கள். அந்தக் காகிதத்தை வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். மன்றத்தின் தலைவரும் ஊர் தெரிவு செய்த ஆள் இல்லை. பாசிச ஆட்சியில் அந்தப் பதவிக்கு மேலிருந்துதான் ஆள் போடுவார்கள். தவணை முடிந்தது. ஆட்சேபனை எதுவும் வரவில்லை.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு என் வாப்பும்மாதான் ஞாபகம் வந்தார். காணி விஷயமாக ஓர் அரச அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது, அவருக்குத் தெரியாத மொழியில். அரச முத்திரை இருந்ததால் மரியாதையாக மடித்து அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். ஊருக்கு வந்த சிறிய தகப்பனார் ஒருவர் எடுத்து வாசித்தபோது, விசாரணைக்கு வரச்சொன்ன திகதி போய் இரண்டு மாதம். உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு கடிதம் எங்கேயாவது இருக்கும். சரி, கதைக்கு வருவோம்.

இன்னொரு விஷயமும் அதே காலத்தில் நடந்தது. ஹிட்லரும் முசோலினியும் 1939இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தென் திரோலின் ஜேர்மன் பேசும் சனங்கள் ஒன்று ஜேர்மனிக்குக் குடிபெயரவேண்டும், இல்லையென்றால் இங்கேயே இருந்து இத்தாலியராக மாறவேண்டும். இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் போவதாக எழுதினார்கள். போர் நடுவில் வந்ததால் உண்மையில் போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். போவதாக எழுதியவனும் இருப்பதாக எழுதியவனும் ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, முகம் பார்க்காமல் வாழ்ந்தார்கள். இப்படி உடைந்து, பாதி மூட்டை கட்டிய நிலையில் இருக்கும் ஊரில் சுவரில் ஒட்டிய காகிதத்தை எதிர்க்க எத்தனை பேர் ஒன்று சேர்வார்கள்? கம்பனிக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

போரின் நடுவில், 1943இல் வேலை நின்றது. முசோலினி விழுந்தார். போர் முடிந்தது. அப்பாடா, தப்பிவிட்டோம் என்றுதான் கிறவுன் நினைத்தது.

தப்பவில்லை. பாசிசம் போனாலும் பாசிச காலத்து அனுமதிக் கடிதம் செல்லுபடியாகவே இருந்தது. கம்பனிக்குக் காசு இல்லை. அதைக் கொடுத்தது சுவிற்சர்லாந்து. ஸூரிச் நகரத்தின் எலெக்ட்ரோவாட் என்ற நிறுவனம் 30 மில்லியன் சுவிஸ் பிராங் கடன் கொடுத்தது. அதற்குப் பதிலாகப் பத்து வருடம் குளிர்கால மின்சாரம் வேண்டும். அல்ப்ஸ் மலையில் குளிர்காலத்தில் மழை எல்லாம் பனியாக உறைந்து நிற்கும். ஆற்றில் நீர் குறையும், மின்சாரத் தேவையோ அப்போதுதான் கூடும். ஆகவே கோடையில் உருகும் பனிநீரைப் பெரிய தொட்டியில் பிடித்து வைத்து, குளிர்காலத்தில் திறந்துவிடவேண்டும். அந்தத் தொட்டிக்குத்தான் இரண்டு வாவிகளும் ஒரு கிராமமும் தேவைப்பட்டன. எல்லை தாண்டி மாடு மேய்க்கப் போனால் கடவுச்சீட்டுக் கேட்பார்கள். காசு எல்லை தாண்ட அப்படி ஒரு தடையும் இருக்கவில்லை.

கிறவுனின் பங்குத் தந்தை அல்பிரட் றீப்பர் ஊருக்காக ஓடித் திரிந்தார். உரோமாபுரி வரைக்கும் போய் பாப்பரசர் 12ஆம் பயஸைச் சந்தித்து முறையிட்டார். பாப்பரசர் கேட்டுக்கொண்டார். ஆனால் அணை எழும்பிக்கொண்டே இருந்தது.

1949இல் சோதனைக்காக முதல் தடவை நீரைத் தேக்கினார்கள். 1950 கோடையில் வேலை முழுமையடைந்தது. 163 வீடுகள் போயின. 523 ஹெக்டெயார் விளைநிலமும் புல்வெளியும் போனது. எங்கள் கணக்கில் ஏறத்தாழ 1,290 ஏக்கர். வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேவாலயத்தின் மணிகளை இறக்கினார்கள், பிறகு தேவாலயத்தையும் தகர்த்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் கட்டிய மணிக்கோபுரத்தை மாத்திரம் பழைமையான சின்னம் என்று விட்டு வைத்தார்கள். மனிதர் குடியிருந்த வீட்டுக்கு இல்லாத மதிப்பு பழைய கல்லுக்கு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் கல் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கதையைக் கேட்கவே ஆள் இருந்திருக்காது. அதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

நட்டஈடு கொடுத்தார்கள். மிகச் சொற்பம். வயலும் புல்லும் போன பிறகு மாடு வைத்திருக்க முடியாது. பலர் மாட்டை விற்று ஊரை விட்டே போனார்கள். மிஞ்சியவர்களைப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் வாயிலில் மரப் பலகைக் கொட்டில்களில் இருத்தினார்கள், அந்த உயரத்துக் குளிரில். பிறகு மேட்டில் புதிய கிறவுன் கட்டப்பட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் இருப்பது அதுதான்.

எங்கள் நாட்டில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வரட்சி வந்து நீர் இறங்கினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே வரும். சனங்கள் பார்க்கப் போவார்கள், பத்திரிகையில் படம் வரும். ரெஷனில் அந்தக் காட்சி பெரிய வரட்சிக்குக் காத்திருப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் மின்சாரத்துக்குத் தண்ணீரை எடுப்பதால், பனி உருகும் இளவேனிலில் வாவி வற்றிப்போய் இருக்கும். கோடையில் தண்ணீருக்குள் அழகாக நிற்கும் கோபுரம் அப்போது சேற்றில் நிற்கும். உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் வருவது கோடையில். அதனால் அவர்களுடைய படங்களில் சேறு இல்லை.

2021இல் திருத்த வேலைக்காக நீரை வழக்கத்தைவிட இறக்கினார்கள். 71 வருடத்துக்குப் பிறகு படிக்கட்டுகள், நிலவறைகள், சுவர் அடித்தளங்கள் எல்லாம் தெரிந்தன. அந்தப் படங்கள் உலகம் முழுவதும் போயின. எங்கள் குழுவில் சுற்றிய "மர்ம நகரம்" படமும் அந்தக் காலத்தில் கிளம்பியதாகத்தான் இருக்கவேண்டும்.

மணிச் சத்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேட்காமல் விடமாட்டீர்கள். குளிர்கால இரவுகளில் தண்ணீருக்கு அடியிலிருந்து மணி அடிக்கும் சத்தம் வருவதாக ஒரு பேச்சு இருக்கிறது. மணிகளைத்தான் 1950இலேயே இறக்கி எடுத்துவிட்டார்களே! 2020இல் நெட்ஃபிளிக்ஸில் 'கூரோன்' என்ற பெயரில் வந்த பேய்த் தொடர் இந்தப் பேச்சை வைத்துத்தான் ஓடியது. அதைப் பார்ப்பதைவிட, மார்கோ பல்சானோ என்ற இத்தாலிய எழுத்தாளர் 2018இல் எழுதிய 'ரெஸ்தோ குயி' என்ற நாவலைத் தேடி வாசிக்கலாம். ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதில் கதை சொல்பவர் ஓர் ஆசிரியை, இரகசிய வகுப்பு நடத்தியவர்.

இன்றைக்கு வாவி 6 கிலோமீற்றர் நீளம், ஒரு கிலோமீற்றர் அகலம். சுற்றிவர 15 கிலோமீற்றர் அளவு பாதை. கோடையில் பாய்மரப் படகும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலை மேல் ஓடும் விளையாட்டும். கணவாயில் காற்று நிற்பதே இல்லை என்பதால் அதற்குப் பெயர் போன இடம். குளிர்காலத்தில் அதே பட்டத்தோடு பனிக்கு மேலால் ஓடுவார்கள். பனிக்கட்டி தடித்த நாட்களில் கோபுரத்தின் சுவரைத் தொடும் அளவுக்கு நடந்து போகலாம். ஆரவாரம் வேண்டாம் என்பவர்கள் தெற்கே ஹைடர்சே பக்கம் போவார்கள். மூன்று இயற்கை வாவிகளில் தப்பிய ஒன்று அதுதான். மீன் பிடிக்கலாம், பிள்ளைகளோடு கரையைச் சுற்றி நடக்கலாம். பழைய கிறவுன் வாவியும் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்பினால் அங்கேதான் பார்க்கவேண்டும்.

கிழக்குப் பக்கம் மலையேறினால் பிளாமோர்ட் என்ற மேட்டு நிலம் வரும். ஈரப் புல்வெளியும் சின்னச் சின்னத் தேங்குநீரும். அதற்கு நடுவில் வரிசை வரிசையாகக் கூரான கொங்கிரீட் தூண்கள், யுத்த தாங்கிகளை மறிக்க வைத்தவை. பக்கத்தில் நிலக்கீழ் அரண்கள். கட்டியவர் முசோலினி. யாருக்கு எதிராக? தன் தோழர் ஹிட்லருக்கு எதிராக! 1938இல் ஒஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் ஜேர்மன் இராணுவம் இந்தக் கணவாயில் வந்து நின்றது. வெளியில் கைகுலுக்கிக்கொண்டு உள்ளுக்குள் அரண் கட்டினார். இத்தாலியர்களே இந்த அரண் வரிசைக்கு 'நம்பமாட்டேன் கோடு' என்று பகிடியாகப் பெயர் வைத்தார்கள். இப்போது அந்தத் தூண்களுக்கு நடுவால் மலைச் சைக்கிள் ஓடுகிறார்கள்.

எல்லையும் இப்போது பெயருக்குத்தான். ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையில் சோதனைச் சாவடி 1998இல் எடுபட்டது. சுவிற்சர்லாந்துப் பக்கம் பத்து வருடத்துக்குப் பிறகு. என் மாணவர் கணவாயைத் தாண்டியதையே தொலைபேசிக்கு வந்த 'இத்தாலிக்கு வரவேற்கிறோம்' குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் அறிந்ததாகச் சொன்னார்.

மொழி விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. 1946 செப்டெம்பரில் பாரிஸில் ஒஸ்திரியாவும் இத்தாலியும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஜேர்மன் பாடசாலைகள், இரு மொழி நிர்வாகம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. கிறவுனின் வேலை மறுபடி தொடங்கி நடந்ததும் அந்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். எழுத்தில் இருந்தது நடைமுறைக்கு வரப் போராட்டமும் குண்டுவெடிப்பும் ஐக்கிய நாடுகள் சபை வரை போன வழக்காடலும் தேவைப்பட்டது. 1972இல்தான் உருப்படியான தன்னாட்சிச் சட்டம் வந்தது. பிணக்குத் தீர்ந்ததாக இரண்டு நாடுகளும் அறிவித்தது 1992இல். இப்போது அங்கே பெயர்ப்பலகை, அரச கடிதம், அறிவித்தல் எல்லாம் இரண்டு மொழியிலும் கிடைக்கும்.

இவ்வளவையும் சுருக்கி என் மாணவருக்கு அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. அடுத்த நாள் எழுதியிருந்தார்: "சேர், அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துல ஒரு பலகை இருந்திச்சு. ரெண்டு மொழியிலயும் எழுதியிருந்திச்சு. மகன் வாசிச்சான், நான்தான் வெயிலுக்குள்ள நிக்காம வாடா என்டு கூட்டிட்டு வந்துட்டன்."

மகனுக்குப் பத்து வயது. ஜேர்மன் மொழிப் பாடசாலையில் படிக்கிறான்.

"பரவாயில்ல மகன், திரும்பப் போங்க. ஆனா ஓகஸ்ட்ல போகாதீங்க" என்று சொன்னேன். ஏப்ரலில் போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது தண்ணீர் இறங்கியிருக்கும்.